உப்பு-சர்க்கரைக் கரைசல்

உப்பு-சர்க்கரைக் கரைசல் என்பது வயிற்றுப்போக்கினாலும் வாந்தியினாலும் உடல் இழக்கும் நீரையும் உப்புகளையும் ஈடுசெய்வதற்காக வீட்டிலேயே தயாரிக்கப்படும் பானம் ஆகும். தூய குடிநீர், சமையல் உப்பு, சர்க்கரை ஆகிய மூன்றும் குறிப்பிட்ட அளவில் கலக்கப்பட்டு இது தயாரிக்கப்படுகிறது. ஒரு லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் சேர்ப்பது பரவலாகக் கற்பிக்கப்படும் அளவாகும். மருந்துக் கடைகளிலும் அரசு சுகாதார நிலையங்களிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். எனப்படும் வாய்வழி நீரேற்றுக் கரைசலின் எளிய வீட்டு வடிவமாக இது கருதப்படுகிறது.

வயிற்றுப்போக்கு நோய்களில் பெரும்பாலான இறப்புகள் நோய்க்கிருமியினால் நேரடியாக ஏற்படுவதில்லை. கிருமி உண்டாக்கும் நீரிழப்பினாலேயே ஏற்படுகின்றன. 1980களின் தொடக்கத்தில் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஆண்டுக்கு ஏறத்தாழ 46 இலட்சம் பேர் வயிற்றுப்போக்கினால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 4.4 இலட்சமாகக் குறைந்துள்ளது. குடிநீர், துப்புரவு, ஊட்டம், தடுப்பூசி ஆகியவற்றில் ஏற்பட்ட முன்னேற்றத்துடன் வாய்வழி நீரேற்றமும் இக்குறைவுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

இக்கரைசலின் பயன் முற்றிலும் அதன் அளவைச் சார்ந்தது. சரியான அளவில் கலந்தால் உயிர் காக்கும். உப்பு மிகுந்தால் நீரிழப்பைக் கூட்டிக் குழந்தையின் உயிருக்கே ஊறு விளைவிக்கும். எனவே இதன் வரலாறு பெருமளவுக்கு அளவைச் சரியாகக் கற்பித்த முயற்சிகளின் வரலாறாகவே அமைந்துள்ளது.

நீரிழப்பு

உடல் எடையில் பெரும்பகுதி நீராகும். வளர்ந்தவர்களின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடும் கைக்குழந்தைகளின் எடையில் அதனினும் கூடுதலான பங்கும் நீராக உள்ளது. வயிற்றுப்போக்கின்போது நீருடன் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட்டு ஆகிய மின்பகுபொருள்களும் வெளியேறுகின்றன. வாந்திபேதி எனப்படும் காலரா நோயில் வளர்ந்த ஒருவர் கடும் நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் இழக்கக்கூடும்.

இழப்பின் அளவைப் பொறுத்து அறிகுறிகள் வேறுபடுகின்றன.

• எடையில் 5 விழுக்காட்டுக்குக் குறைவான இழப்பு: வெளிப்படையான அறிகுறிகள் பெரும்பாலும் இரா.
• 5 முதல் 10 விழுக்காடு வரையிலான இழப்பு: மிகுந்த தாகம், அமைதியின்மை, எரிச்சல், குழி விழுந்த கண்கள் ஆகியன காணப்படும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பும்.
• 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட இழப்பு: சோர்ந்து கிடத்தல், நினைவு மங்கல், குடிக்க இயலாமை, மிக மெதுவாகத் திரும்பும் தோல் ஆகியன காணப்படும். இந்நிலையில் சிரைவழி நீர்மம் ஏற்றாவிடில் இறப்பு நேரலாம்.

வீட்டுக் கரைசல் முதல் நிலைக்கு உரியது. வயிற்றுப்போக்கு தொடங்கியவுடனேயே கொடுத்து, இரண்டாம் நிலையையும் மூன்றாம் நிலையையும் அடையாமல் தடுப்பதே இதன் நோக்கமாகும்.

செயல்படும் விதம்

வயிற்றுப்போக்கின்போது வெறும் நீரை மட்டும் பருகினால் இழந்த உப்புகள் ஈடாவதில்லை. உப்பு நீரை மட்டும் பருகினால், நோயுற்ற குடல் அதனைப் போதிய அளவில் உறிஞ்சுவதில்லை. சர்க்கரையும் உப்பும் ஒன்றாக இருக்கும்போது நிலைமை மாறுகிறது.

சிறுகுடலின் உட்சுவர்க் கலங்களில் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே கொண்டு செல்லும் ஒரு புரதம் அமைந்துள்ளது. இரண்டு சோடியம் அயனிகளுடன் ஒரு குளுக்கோசு மூலக்கூறு என்ற கணக்கில் இது இயங்குகிறது. சோடியமும் குளுக்கோசும் உட்செல்ல, அவற்றைத் தொடர்ந்து நீரும் சவ்வூடுபரவல் மூலம் உட்செல்கிறது. காலரா நச்சு குடற்கலங்களிலிருந்து குளோரைடையும் நீரையும் பெருமளவில் வெளியேறச் செய்கிறது. ஆயினும் இவ்விணைக் கடத்தும் புரதத்தை அது சிதைப்பதில்லை. ஒரு பக்கம் நீர் வெளியேறிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் நீரை உட்செலுத்த முடிவது இதனாலேயே ஆகும்.

சமையலறைச் சர்க்கரை சுக்குரோசு ஆகும். அது சிறுகுடலில் குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் பிரிக்கப்படுகிறது. ஆகவே தூய குளுக்கோசு கிடைக்காத இடத்தில் சர்க்கரையும் வெல்லமும் அதே பணியைச் செய்கின்றன. சோற்றுக் கஞ்சியிலுள்ள மாச்சத்தும் செரிமானத்தின்போது குளுக்கோசாக மாறுவதால் அதுவும் பயன்படுகிறது.

சர்க்கரையைக் கூட்டினால் பயன் கூடும் என்பது தவறான எண்ணமாகும். குடலில் சர்க்கரைச் செறிவு மிகுந்தால் அது உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கை மிகுவிக்கும்.

செய்முறை

தேவையான பொருட்கள்:

• கொதிக்கவைத்து ஆறிய நீர் அல்லது தூய குடிநீர் – 1 லிட்டர்
• சமையல் உப்பு – மட்டமாகத் தட்டிய அரைத் தேக்கரண்டி
• சர்க்கரை – மட்டமாகத் தட்டிய 6 தேக்கரண்டி

முதலில் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். பாத்திரம், கரண்டி ஆகியவையும் தூய்மையாக இருத்தல் வேண்டும். நீரை அளந்து ஊற்றி, உப்பைச் சேர்த்துக் கரைத்து, சர்க்கரை சேர்க்கும் முன்னர் ஒரு துளியைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். அது கண்ணீரின் உப்புச் சுவையை விட மிகுதியாக இருந்தால் அக்கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். பின்னர் சர்க்கரையைச் சேர்த்து முழுவதும் கரையும் வரை கலக்க வேண்டும். சர்க்கரை சேர்த்த பின்னர் இனிப்பு உப்புச் சுவையை மறைத்துவிடும் என்பதால் முன்னரே சுவைப்பது முறையாகும்.

கரைசல் தயாரான பின் அதனை மீண்டும் கொதிக்கவைத்தல் கூடாது. நீர் ஆவியாகி உப்பின் செறிவு கூடிவிடும். மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். எஞ்சியதைக் கொட்டிவிட்டு மறுநாள் புதிதாகத் தயாரிக்க வேண்டும்.

ஒரு லிட்டர் அளவுள்ள குடிநீர்ப் புட்டி நீரை அளப்பதற்கு வசதியானது. 200 மில்லிலிட்டர் கொள்ளும் குவளை இருந்தால் அதில் ஐந்து குவளை நீர் ஒரு லிட்டராகும். குவளையின் கொள்ளளவு தெரியாத நிலையில் அதனைக் கொண்டு அளப்பது பிழைக்கு இடமளிக்கும்.

கரண்டி அளவில் ஏற்படும் குழப்பம்

தேக்கரண்டி என்ற சொல் வீட்டுக்கு வீடு வேறுபடும் அளவைக் குறிக்கிறது. மேற்கண்ட செய்முறையில் தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர் கொள்ளும் கரண்டி ஆகும். அவ்வளவுள்ள கரண்டி ஒன்றில் தூள் உப்பு ஏறத்தாழ 6 கிராமும் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராமும் கொள்ளும். இக்கணக்கின்படி ஒரு லிட்டர் கரைசலில் ஏறத்தாழ 3 கிராம் உப்பும் 25 கிராம் சர்க்கரையும் அமைகின்றன. சிறிய கரண்டிகளைக் கருத்திற்கொண்டு எழுதப்பட்ட சில கையேடுகள் உப்பை ஒரு தேக்கரண்டி எனக் குறிப்பிடுவதும் உண்டு. ஆகவே கரண்டியின் எண்ணிக்கையை மட்டும் நினைவிற்கொள்வதை விட 3 கிராம் என்ற எடையை அறிந்திருப்பது பாதுகாப்பானது.

உப்பு 3 கிராமாக இருந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 51 மில்லிமோல் சோடியம் கிடைக்கிறது. 5 மில்லிலிட்டர் கரண்டியில் முழுக்கரண்டி உப்பு இட்டால் அது 103 மில்லிமோலாகும். தவறுதலாக 15 மில்லிலிட்டர் கொள்ளும் மேசைக்கரண்டியால் ஒரு கரண்டி இட்டுவிட்டால் 300 மில்லிமோலைத் தாண்டும். குருதியில் சோடியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் மட்டுமே. அதனினும் இரு மடங்கு உப்புள்ள நீரைக் குழந்தைக்குக் கொடுத்தால் குருதியில் சோடியம் மிகுந்து, வலிப்பும் மூளைப் பாதிப்பும் ஏற்படலாம். கல்லுப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் வெவ்வேறு எடை கொள்ளும் என்பதும் கருத்திற்கொள்ளத்தக்கது.

கொடுக்கும் முறை

ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஏற்பட்ட பின்னரும் கீழ்க்கண்ட அளவு நீர்மம் கொடுக்கப்படுகிறது.

• 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள்: 50 முதல் 100 மில்லிலிட்டர்
• 2 முதல் 10 வயது வரையிலானோர்: 100 முதல் 200 மில்லிலிட்டர்
• அதற்கு மேற்பட்டோர்: விரும்பும் அளவு

கைக்குழந்தைகளுக்கு ஓரிரு நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு தேக்கரண்டி வீதம் புகட்ட வேண்டும். சற்று வளர்ந்த குழந்தைகள் குவளையிலிருந்து சிறிது சிறிதாகப் பருகலாம். புட்டிப்பால் குப்பியில் ஊற்றிக் கொடுப்பது கிருமித் தொற்றுக்கு வழிவகுக்கும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் காத்திருந்து, மீண்டும் முன்னிலும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தபோதும் கொடுத்த நீரின் ஒரு பகுதி உடலில் சேர்ந்திருக்கும். எனவே வாந்தியைக் காரணமாகக் கொண்டு நிறுத்துதல் தவறாகும்.

தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாமல் அடிக்கடி கொடுக்க வேண்டும். ஏனைய குழந்தைகளுக்கு வழக்கமான உணவைத் தொடர வேண்டும். வயிற்றுப்போக்கின்போது வயிற்றைக் காயப்போட வேண்டும், நீர் கொடுத்தால் போக்கு மிகும் என்னும் நம்பிக்கைகள் பல நாடுகளில் வழங்கி வந்தன. இவை நீரிழப்பையும் ஊட்டக்குறைவையும் ஒருங்கே கூட்டுவன ஆகும்.

இக்கரைசல் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து அன்று. போக்கு தன் போக்கில் சில நாட்கள் தொடரலாம்; கரைசல் அதுவரை உடலைக் காக்கிறது. இதனை அறியாத பெற்றோர், கொடுத்தும் பயனில்லை எனக் கருதி இடையில் நிறுத்திவிடுவதுண்டு.

பொட்டலக் கரைசலுடன் ஒப்பீடு

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் அமைப்பும் பரிந்துரைக்கும் கரைசலின் வாய்பாடு இரு முறை முதன்மையான மாற்றம் பெற்றது. 1975 ஆம் ஆண்டின் வாய்பாட்டில் ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 3.5 கிராம், சோடியம் பைகார்பனேட்டு 2.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், குளுக்கோசு 20 கிராம் ஆகியன இருந்தன. 1980களின் நடுப்பகுதியில், ஈரப்பதமான தட்பவெப்பத்திலும் நீண்டகாலம் கெடாதிருப்பதற்காகப் பைகார்பனேட்டுக்கு மாற்றாக மூசோடியம் சிட்ரேட்டு சேர்க்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டில் செறிவு குறைந்த வாய்பாடு அறிவிக்கப்பட்டது. அதன் கூறுகள் ஒரு லிட்டருக்குப் பின்வருமாறு:

• சோடியம் குளோரைடு – 2.6 கிராம்
• குளுக்கோசு (நீரற்றது) – 13.5 கிராம்
• பொட்டாசியம் குளோரைடு – 1.5 கிராம்
• மூசோடியம் சிட்ரேட்டு – 2.9 கிராம்

இப்புதிய வாய்பாட்டில் சோடியமும் குளுக்கோசும் லிட்டருக்குத் தலா 75 மில்லிமோல் உள்ளன; மொத்தச் சவ்வூடுபரவல் செறிவு 311 மில்லி ஆசுமோலிலிருந்து 245 ஆகக் குறைக்கப்பட்டது. இதனால் வாந்தியும் மலத்தின் அளவும் சிரைவழி நீர்மத்தின் தேவையும் குறைந்தன.

3 கிராம் உப்பும் 25 கிராம் சர்க்கரையும் கொண்ட வீட்டுக் கரைசலில், சர்க்கரை பிரிக்கப்பட்ட பின், குளுக்கோசு ஏறத்தாழ 73 மில்லிமோலும் மொத்தச் செறிவு ஏறத்தாழ 250 மில்லி ஆசுமோலும் ஆகின்றன. இவ்விரண்டிலும் அது பொட்டலக் கரைசலை நெருங்கி நிற்கிறது. ஆனால் சோடியம் குறைவாகவும், பொட்டாசியமும் சிட்ரேட்டும் அறவே இல்லாமலும் இருப்பது அதன் குறைபாடாகும். ஆகவே பொட்டலம் கிடைக்கும் இடத்தில் பொட்டலமே சிறந்தது. அதனையும் உறையில் குறிப்பிட்ட அளவு நீரில் முழுப் பொட்டலமாகக் கரைத்தல் வேண்டும். ஒரு லிட்டருக்கு உரிய பொட்டலத்தை ஒரு குவளை நீரில் கரைப்பது உப்பை மிகுவிக்கும் அதே பிழையாகும்.

வரலாறு

1953 ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் ஏமேந்திரநாத் சட்டர்ஜி, உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்து 186 காலரா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்ததை இலான்செட்டு மருத்துவ இதழில் வெளியிட்டார். அவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. அது செயல்படுவதற்கான உடலியங்கியல் காரணமும் அன்று அறியப்பட்டிருக்கவில்லை. அதனால் அது பரவலான கவனத்தைப் பெறவில்லை. சோடியமும் குளுக்கோசும் குடலில் இணைந்து கடத்தப்படுகின்றன என்னும் கருதுகோளை அமெரிக்க உயிர்வேதியியலாளர் இராபர்ட் கிரேன் 1960 ஆம் ஆண்டில் பிராகா நகரில் முன்வைத்தார்.

1968 ஆம் ஆண்டில், அன்றைய கிழக்குப் பாக்கித்தானின் டாக்கா நகரிலிருந்த காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நளின், இரிச்சர்டு கேசு ஆகியோரும் அவர்களுடைய வங்காள உடனுழைப்பாளர்களும், நோயாளி இழக்கும் நீரை அளந்து அதற்கு ஈடான அளவு கரைசலைப் பருகக் கொடுத்தனர். சிரைவழி நீர்மத்தின் தேவை இம்முறையால் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. அதே காலத்தில் கல்கத்தாவிலும் இத்தகைய ஆய்வுகள் நடைபெற்றன.

1971 ஆம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போரின்போது இந்தியாவுக்குள் வந்த ஏதிலிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்காளத்தின் எல்லையிலுள்ள பொங்காவ் நகரில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் தலைமையிலான குழு பணியாற்றியது. நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். சிரைவழி நீர்மம் தீர்ந்துகொண்டிருந்தது. அதனை ஏற்றப் பயிற்சி பெற்றோரும் போதவில்லை. ஒரு லிட்டருக்குக் குளுக்கோசு 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்ற கலவை கல்கத்தாவில் பொட்டலங்களாகக் கட்டப்பட்டு முகாமுக்குக் கொண்டுவரப்பட்டது. அது பெரிய கலன்களில் நீருடன் கலக்கப்பட்டு, நோயாளிகளின் உறவினர்களாலேயே குவளைகளில் புகட்டப்பட்டது. ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு வீதம், இக்கரைசல் பெற்றோரிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவப் பயிற்சி இல்லாதவர்களும் பொதுவாகக் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு கடும் நோயாளிகளைக் காக்க முடியும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. மகாலனாபிஸ் 2022 அக்டோபர் 16 அன்று காலமானார். அவருக்கு மறைவுக்குப் பின் 2023 ஆம் ஆண்டில் பத்ம விபூசண் விருது அறிவிக்கப்பட்டது.

வங்காளதேசத்தின் உப்பு-வெல்லக் கரைசல்

வீட்டில் தயாரிக்கும் கரைசலை ஒரு நாடு முழுவதற்கும் கற்பித்த முயற்சிகளுள் பெரியது வங்காளதேசத்தில் நடைபெற்றது. பசலே அசன் அபேத் 1972 ஆம் ஆண்டில் தொடங்கிய பிராக் என்னும் தொண்டு நிறுவனம், 1979 ஆம் ஆண்டில் நாட்டின் வடகிழக்கிலுள்ள சுல்லா பகுதியில் சோதனை முயற்சியை மேற்கொண்டது. 1980 முதல் 1990 வரை அதனை நாடெங்கும் விரிவுபடுத்தியது. அப்போது ஊர்ப்புறங்களில் பொட்டலங்கள் போதிய அளவில் கிடைக்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் அளவுக் கரண்டியும் இல்லை. வெள்ளைச் சர்க்கரையும் அரிதாக இருந்தது. ஆகவே எல்லா வீட்டிலும் இருப்பவற்றைக் கொண்டே அளவு வகுக்கப்பட்டது.

மூன்று விரல்களின் முதற்கோடு வரை அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர் என்பதே அவ்வளவாகும். அரை சேர் என்பது ஏறத்தாழ அரை லிட்டராகும். வங்காள மொழியில் உப்பையும் வெல்லத்தையும் குறிக்கும் சொற்களால் இது லொபோன்-குர் என வழங்கப்பட்டது. வெல்லத்தில் இயல்பாகவே பொட்டாசியம் இருப்பதால், சர்க்கரைக் கரைசலின் குறைபாடொன்று இதில் ஓரளவுக்கு நீங்கியது.

பெண் பணியாளர்கள் குழுக்களாகச் சிற்றூர்களில் தங்கி, வீடு வீடாகச் சென்று தாய்மாருக்குக் கற்பித்தனர். சொல்லிக் கொடுப்பதுடன் நில்லாமல், தாயே தன் கையால் கரைசலைத் தயாரித்துக் காட்டும்படி செய்தனர். நீரிழப்பின் அறிகுறிகள், கலக்கும் அளவு, கொடுக்கும் முறை ஆகியவற்றைப் பத்துக் கூற்றுகளாகச் சுருக்கி மனப்பாடம் செய்வித்தனர். சில வாரங்களின் பின்னர் வேறு பணியாளர்கள் சில வீடுகளைத் தேர்ந்து சென்று, தாய் எத்தனை கூற்றுகளை நினைவிற்கொண்டிருக்கிறார் எனக் கேட்டறிந்தனர். அவர் தயாரித்த கரைசலைச் சிறிது பெற்று அதன் உப்பளவை ஆய்வுக்கூடத்தில் சோதித்தனர். கற்பித்த பணியாளரின் ஊதியம் இம்முடிவுகளைப் பொறுத்து அமைந்தது. எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதை விட, எத்தனை தாய்மார் சரியாகக் கற்றனர் என்பதே கணக்கில் கொள்ளப்பட்டது.

தொடக்கத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. தாய்மார் கரைசலைச் சரியாகத் தயாரிக்கக் கற்றிருந்தும், குழந்தைக்கு நோய் வந்தபோது அதனைக் கொடுத்தோர் குறைவாகவே இருந்தனர். காரணத்தை ஆராய்ந்தபோது, கற்பித்த பணியாளர்களுட் பலரே தமக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கரைசலை நம்பாமல் மாத்திரைகளை நாடியமை தெரியவந்தது. அதன் பின்னர் பணியாளர்களுக்குக் கரைசல் செயல்படும் விதம் விளக்கப்பட்டது. ஆண்களை விலக்கித் தாய்மாருக்கு மட்டும் கற்பித்ததும் ஏற்பைக் குறைத்ததாக உணரப்பட்டு, சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆண்களுக்கும் விளக்கம் அளிக்கப்பட்டது. வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் செய்தி பரப்பப்பட்டது.

பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் வீடுகளில் இக்கரைசல் கற்பிக்கப்பட்டது. பின்னர் பொட்டலங்களின் உற்பத்தி பெருகியபோது மக்கள் எளிதில் அவற்றுக்கு மாறினர். வயிற்றுப்போக்கின்போது வாய்வழி நீரேற்றத்தைப் பயன்படுத்தும் வழக்கம் மிகுந்துள்ள நாடுகளுள் ஒன்றாக வங்காளதேசம் விளங்குகிறது.

பிற வீட்டு நீர்மங்கள்

உப்பிட்ட சோற்றுக் கஞ்சி, உப்பிட்ட மோர், உப்பிட்ட காய்கறிச் சாறு அல்லது கோழிச்சாறு ஆகியன நீரிழப்பைத் தடுக்க ஏற்றவை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நோயுற்றோருக்குக் கஞ்சி கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. உப்பின் அளவு லிட்டருக்கு 3 கிராமை மிஞ்சாதிருப்பின் இவ்வழக்கம் மருத்துவ அறிவுரையுடன் பொருந்துகிறது. காலரா நோயாளிகளுக்கு அரிசி மாவைக் கொண்டு தயாரிக்கும் கரைசல் மலத்தின் அளவைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

இளநீரில் பொட்டாசியம் மிகுந்தும் சோடியம் குறைந்தும் உள்ளது. ஆகவே அது கூடுதல் பானமாகப் பயன்படுமேயன்றிக் கரைசலுக்கு முழு மாற்றாகாது. எலுமிச்சைச் சாறு சில துளிகள் சேர்ப்பது சுவைக்காக மட்டுமே. அதனால் உப்பின் அளவையோ சர்க்கரையின் அளவையோ மாற்றுதல் கூடாது.

குளிர்பானங்கள், இனிப்பூட்டிய பழச்சாறுகள், மிகுந்த இனிப்புள்ள தேநீர் ஆகியன பொருந்தாதவை. கோலா வகைக் குளிர்பானத்தில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பதுடன், சோடியம் மிகக் குறைவாகவே உள்ளது.

விளையாட்டு வீரர்களுக்கான பானங்கள்

1965 ஆம் ஆண்டில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் கேடு தலைமையிலான குழு, அப்பல்கலைக்கழகக் காற்பந்து அணிக்காக உருவாக்கிய கேட்டரேடு இவ்வகைப் பானங்களின் முன்னோடியாகும். இவை வியர்வையினால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்யவும் உழைக்கும் தசைகளுக்கு ஆற்றல் தரவும் உருவாக்கப்பட்டவை. வியர்வையில் சோடியம் குறைவு என்பதால் இவற்றிலும் சோடியம் குறைவு. லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிமோல் மட்டுமே. சர்க்கரையோ லிட்டருக்கு ஏறத்தாழ 60 கிராம் உள்ளது. எனவே வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு இவை ஏற்றவை அல்ல.

வெயிலில் உழைப்போர் உப்பிட்ட மோரையும் உப்பிட்ட எலுமிச்சை நீரையும் பருகலாம். பல மணி நேரம் வியர்க்க உழைத்துவிட்டு உப்பின்றி வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிப் பருகினால் குருதியில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் ஏற்படக்கூடும்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

பின்வரும் நிலைகளில் வீட்டுக் கரைசலை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலும், குழந்தை விழுங்கும் நிலையில் இருந்தால், கரைசலைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

• குடிக்க இயலாமை, அல்லது குடித்த அனைத்தையும் வாந்தி எடுத்தல்
• சோர்ந்து கிடத்தல், நினைவு மங்கல், வலிப்பு
• மலத்தில் குருதி
• காய்ச்சல்
• கஞ்சித் தண்ணீர் போன்ற மலம் அடிக்கடி பெருமளவில் வெளியேறுதல்
• பல மணி நேரம் சிறுநீர் கழியாமை
• மூன்று நாட்களில் குணமாகாமை

கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்குச் சோடியம் குறைந்தும் பொட்டாசியம் மிகுந்தும் உள்ள தனிக் கரைசல் தேவைப்படுகிறது. இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு உப்பின் அளவு தனியே கவனிக்கப்பட வேண்டும். இவர்களுக்கு மருத்துவரின் அறிவுரையின்படியே கொடுக்க வேண்டும்.

துத்தநாகம்

2004 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் வெளியிட்ட கூட்டறிக்கை, வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளுக்குக் கரைசலுடன் துத்தநாகத்தையும் நாள்தோறும் 20 மில்லிகிராம் வீதம் 10 முதல் 14 நாட்களுக்குக் கொடுக்கப் பரிந்துரைத்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு இவ்வளவு 10 மில்லிகிராம் ஆகும். துத்தநாகம் நோயின் கால அளவைக் குறைக்கிறது. கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் ஒன்றாக அடங்கிய தொகுப்பு 2019 ஆம் ஆண்டில் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தற்கால நிலை

வீட்டில் உப்பும் சர்க்கரையும் கலக்கும் முறை முன்போல் பரவலாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அளவு மறந்துபோதல், பொருட்கள் வீட்டில் இல்லாதிருத்தல், போதிய அளவு கொடுக்காமை ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் இதன் குறைகளாகச் சுட்டியுள்ளது. பொட்டலத்தைப் பயன்படுத்துவதும், அது கிடைக்கும் வரை கஞ்சி போன்ற வழக்கமான நீர்மங்களைக் கொடுப்பதும் முதன்மையாக அறிவுறுத்தப்படுகின்றன. ஆயினும் வெள்ளம், புயல், போர், இடப்பெயர்வு ஆகிய சூழல்களிலும், இரவில் கடை திறவாத ஊர்ப்புறங்களிலும் வீட்டுக் கரைசலின் தேவை நீங்கவில்லை.

ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரைத் தாங்கி, மிகுந்த சர்க்கரையுடன் விற்கப்பட்ட பானங்கள் இந்தியாவில் குழந்தை மருத்துவர்களின் கண்டனத்துக்கு உள்ளாயின. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உணவுப் பானங்களின் பெயரிலும் மேலுறையிலும் அச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என ஆணையிட்டது. பொட்டலம் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டின்படி தயாரிக்கப்பட்டது என உறையில் குறிப்பிடப்பட்டுள்ளதா என்பதையும், கரைக்க வேண்டிய நீரின் அளவையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று.